ஹொஸ்டலில ஃபயர் அலாரம் அடிச்ச இரவு: உங்களுக்கு என்ன நடந்தது?

இரண்டாம் மாடி:

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், கம்பஸ் பிள்ளையள் இருக்கிற மூண்டு மாடி ஹொஸ்டல். பேர் வேண்டாம். அங்க இருந்தவைக்கு அந்த பெல்லைத் தெரியும். குசினியில மிளகாய் வறுத்தால் அடிக்கும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அடிக்கும், மழைக்குக் கரண்ட் போய் வந்தாலும் அடிக்கும்.

புதுசா வந்த பிள்ளை ஒண்டு முதல் நாள் செருப்பும் போடாமல் கீழ ஓடினவள். நாங்கள் எல்லாரும் சிரிச்சம். "அது சும்மா அடிக்கும், நீ படு" எண்டு நான்தான் சொன்னனான்.

மாசி மாதம், சோதினைக் காலம், விடிய ரெண்டரை. அடிச்சுது. தலகாணியைக் காதில அமத்திக்கொண்டு கிடந்தன். நிக்கேல்லை. பிறகுதான் மணந்தது, மீன் அழுகின மாதிரி, வயர் உருகிற மணம். ஸ்திரி போடுற மூலையில எக்ஸ்டென்ஷன் கோட் உருகி, பக்கத்தில இருந்த உடுப்புக்கூடை பத்தத் தொடங்கியிருந்தது. எல்லாரும் இறங்கியாச்சு. முத்தத்து மாமரத்துக்குக் கீழ நிண்டு எண்ணினால் ஒராள் குறையுது.

மேல ஓடினன். கொரிடோரில புகை தோளளவுக்கு இறங்கியிருந்தது. கதவைத் தள்ளினால் அவள் நுளம்பு வலைக்குள்ள சப்பாணி கட்டிக்கொண்டு இருக்கிறாள், முழிச்சுத்தான். மடியில நோட்ஸ். ரெண்டு காதிலயும் பஞ்சு.

வெளியில இழுத்துக்கொண்டு வரேக்க கேட்டாள்: "அக்கா, நீங்கள்தானே சும்மா அடிக்கும் எண்டனீங்கள்?"

ஒருதருக்கும் ஒண்டும் ஆகேல்லை. ஏழு வருஷமாகுது. அந்தப் பஞ்சு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

கொக்குவில் பெடியன்:

அக்கா, உங்கடை பிழை இல்லை. வருஷக்கணக்கா பொய்க்கு அடிக்கவிட்ட கட்டடக்காரரின்ரை பிழை. எங்கடை இடத்தில ஐப்பசி மழை துவங்கினால் ஈசல் வரும். லைற்றைச் சுத்திப் பறந்துபோட்டு முகட்டில இருக்கிற புகை டிடெக்டருக்குள்ள புகுந்திடும், இரவிரவா பெல். ரெண்டு தரம் சொல்லியும் ஒருதரும் வந்து பாக்கேல்லை. சீனியர் அண்ணை ஒருத்தர் கதிரையில ஏறி, சொப்பிங் பையைப் போட்டு றப்பர் பாண்டால கட்டிவிட்டார். எல்லாருக்கும் நித்திரை.

மார்கழியில ஒரு விடியக்காலை நுளம்புத்திரி மெத்தையில விழுந்து புகையத் துவங்கிச்சு. அந்தப் பெடியன் இருமி இருமித்தான் எழும்பினவன். நாங்கள் மெத்தையை யன்னலால தள்ளிப்போட்டு நிமிந்து பாக்கிறம், முகட்டில பை மஞ்சளாப் போய்க் கிடக்குது, உள்ளுக்க சிவத்த லைற் வழக்கம்போல மின்னிக்கொண்டு இருக்குது. பையைக் கட்டேக்க கதிரையைப் பிடிச்சது நான்.

பனல் வேலை செய்யிறவன்:

பனல் எண்டது ஃபயர் அலாரத்தின்ரை கட்டுப்பாட்டுப் பெட்டி. எட்டு வருஷமா இந்த வேலை. ஒரு ஹொஸ்டலுக்குப் போனன், பனலுக்குள்ள பெல் வயரைக் கழட்டி, நுனியில வடிவா ரேப் சுத்தி விட்டிருந்தாங்கள். ஆர் செய்தது எண்டு கேட்டன். ஒருதரும் வாய் திறக்கேல்லை.

கொக்குவில் தம்பி, கட்டடக்காரரிலயே எல்லாத்தையும் போடாதேங்கோ, பையைக் கட்டினது நீங்கள். அக்கா, நீங்கள் மேல ஓடினதும் பிழை. புகைக்குள்ள ரெண்டாவது ஆளும் விழுந்தால் ஆர் எடுக்கிறது? எத்தினையாம் அறை எண்டதைத் தீயணைப்புக்காரரிட்டைச் சொல்லுறதுதான் உதவி.

இன்னொண்டு. புகை டிடெக்டருக்குள்ள ஒரு இருட்டுக் கூடு இருக்கு. அதுக்குள்ள போற வெளிச்சம் புகையில பட்டுச் சிதறினால் பெல் அடிக்கும். தூசு, ஆவி, ஈசல் எல்லாம் அதுக்குப் புகைதான். அதால குசினியில புகை டிடெக்டர் பூட்டவே கூடாது, வெப்ப டிடெக்டர்தான் பூட்டவேணும். பலதும் 57 பாகை அளவிலதான் அடிக்கும், மிளகாய்க்கு அடிக்காது. மற்றதுகளை மாரிக்கு முன்னம் தூசு உறிஞ்சியால துப்பரவாக்கினால் பாதிப் பொய் பெல் நிண்டிடும்.

பனலில சைலன்ஸ் வேறை, ரீசெட் வேறை. சைலன்ஸ் சத்தத்தை மட்டும் நிப்பாட்டும். எந்தப் பகுதியில எண்டு காட்டுற லைற் எரிஞ்சுகொண்டே இருக்கும். அதைப் பாத்து, ஒராள் அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால கண்ட பிறகுதான் ரீசெட். நிறையப் பேர் ரெண்டையும் ஒண்டாய் அமத்திப்போட்டுப் படுக்கப் போறாங்கள். கதவைத் திறக்க முன்னம் புறங்கையால தொட்டுப் பாருங்கோ, சுட்டால் திறக்காதேங்கோ. புகை எண்டால் குனிஞ்சு போங்கோ. கரண்டில எரியிறதுக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ. தீயணைக்கிற கரியமிலவாயுச் சிலிண்டர் அடிக்கேக்க வாய்க் குழலைப் பிடிக்காதேங்கோ, குளிரில கை ஒட்டிப்போகும். மாநகரசபை தீயணைப்பு நம்பரையும் 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பரையும் கேற்றடியில பெரிசா எழுதி ஒட்டுங்கோ. போனில மட்டும் இருந்தால், போன் அறைக்குள்ள கிடக்கும்.

அக்கா, அந்த எக்ஸ்டென்ஷன் கோட்டில என்ன என்ன குத்தியிருந்தது?

மேட்ரனாய் இருந்தவ:

தம்பி, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. ஆனால் வெளியில போறதுக்குக் கதவு திறக்கவேணுமே. பெட்டையளின்ரை ஹொஸ்டல். பின் படிக்கட்டுக் கதவுக்கு இரவு ஏழு மணிக்கு ஆமைப்பூட்டு. தாய் தகப்பன்மார் வந்து பூட்டை இழுத்துப் பாத்துப்போட்டுத்தான் பிள்ளையை விட்டிட்டுப் போவினம். பெல் அடிச்ச அண்டைக்கு முன் படிக்கட்டில புகை. நாப்பது பிள்ளையள் என்ரை முதுகுக்குப் பின்னால. கையில திறப்புக் கோர்வை, பதினாலு திறப்பு, எல்லாம் ஒரே மாதிரி. டோர்ச்சும் இல்லை. ஒவ்வொண்டாப் போட்டுத் திருப்பிறன். பின்னால ஒரு பிள்ளை கந்தசஷ்டி கவசம் சொல்லத் துவங்கினாள். ஒன்பதாவது திறப்புக்குத்தான் திறந்தது.

அடுத்த நாளே பூட்டைக் கழட்டுவிச்சு, உள்ளுக்க இருந்து தள்ளினால் திறக்கிற கொண்டி போடுவிச்சன். அதுக்கு மூண்டு பெற்றோர் வந்து என்னோட சண்டை. இண்டைக்கும் சொல்லுவன், நான் செய்தது சரி.

இரண்டாம் மாடி:

பனல் தம்பிக்கு: கேத்தில், ஸ்திரிப்பெட்டி, ஒரு போன் சார்ஜர். மூண்டும் ஒரே கோட்டில. நான் மேல ஓடினது பிழையாயிருக்கலாம். ஆனால் "சும்மா அடிக்கும்" எண்டு சொன்ன ஆள் மரத்துக்குக் கீழ நிண்டுகொண்டு எப்பிடி எண்ணுறது?

கொக்குவில் தம்பி, பிழை இல்லை எண்டு சொன்னதுக்கு நன்றி. அவளின்ரை கலியாணத்துக்கும் போனனான். மேடையில நிண்டு படம் எடுத்தம். அண்டைக்கும் அதைப் பற்றி ரெண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை.