அரசுப் பள்ளியில் ஆட்டிசம் குழந்தைகள்: இன்னும் மனதை அரிக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

நீலக்குடை

மகனுக்கு ஏழு வயது. வகுப்பில் அவனுக்கென்று ஓர் உதவியாளரைப் போட்டிருந்தார்கள். நல்ல பெண்மணி, குறை சொல்ல மாட்டேன். அவருடைய நாற்காலி என் மகனுக்கும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கலாம் என்று கூப்பிட்ட அன்று படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்த சிறுமி கையில் பச்சைப் பென்சில். இவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவளும் அதைக் கவனித்துவிட்டாள். ஆனால் அவனிடம் கேட்கவில்லை. உதவியாளரை நிமிர்ந்து பார்த்து, "மிஸ், அவனுக்கு இது வேணுமா?" என்றாள். "வேண்டாம்மா, நீ வரை" என்றார் அவர்.

அவ்வளவுதான். யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் பேச்சு அவன் தலைக்கு மேலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது. அவனுக்குப் பேச்சு குறைவுதான், தலையாட்டத் தெரியும்.

இது புதுக் கதையும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியான்கிரெகோ குழுவினர் 1997-லேயே எழுதிவிட்டார்கள்: உதவியாளர் ஒட்டியே உட்கார்ந்தால் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள், வகுப்பாசிரியரும் 'அந்தப் பிள்ளை அவர் பொறுப்பு' என்று இருந்துவிடுகிறார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் போடச் சொல்லிக் கேட்டேன். "அப்போ உதவியாளரே வேண்டாம்னு எழுதித் தர்றீங்களா?" என்றார்கள்.

இரண்டாம் மணி

நீலக்குடை, வருத்தம் புரிகிறது. ஆனால் நாற்காலி நகர்ந்தால் எல்லாம் நேராகிவிடும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் ஆசிரியை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வாசலைத் தாண்டிவிடுகிற பிள்ளை ஒன்று என் வகுப்பில் இருக்கிறது. உதவியாளர் லீவு போட்டால் அன்றைக்கு நான் பாடம் நடத்துவதில்லை, கதவுக்குக் காவல் இருக்கிறேன். மற்ற முப்பது சொச்சம் பிள்ளைகளுக்கும் அன்று படிப்பு கிடையாது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொரு பையன். எதற்கும் வானிலை அறிக்கைதான் சொல்வான். "கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்", அதே செய்தி வாசிப்புக் குரலில். வகுப்பு சிரிக்கும். முந்தைய வகுப்பில் இருந்து வந்த குறிப்பேட்டில் 'சம்பந்தமில்லாமல் பேசுகிறான்' என்று எழுதியிருந்தது. ஒரு நாள் குழுவாக உட்கார வைத்துக் கணக்கு கொடுத்திருந்தேன். இரைச்சல் ஏற ஏற, மீனவர்கள் வந்தார்கள். அடுத்த நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோத ஆரம்பித்தான். அதற்கப்புறம்தான் கவனித்தேன், ஒவ்வொரு முறையும் முதலில் அறிக்கை, பிறகுதான் இது. பாவம், முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

கேட்ட வாக்கியத்தையே திரும்பச் சொல்வதில் ஒரு நோக்கம் இருக்கலாம் என்று பாரி பிரிஸன்ட் போன்ற பேச்சு வல்லுநர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் பயிற்சியில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இப்போது மீனவர்கள் வந்தால் பிள்ளைகளே "டீச்சர், காத்து" என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டு வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாமா என்று கேட்டேன், பழைய பதிவில் கை வைக்கக்கூடாதாம்.

வரிசைப்படி

என்னுடையது சின்ன விஷயம்தான். பள்ளியில் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் என் மகள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். மற்ற எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். தலை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்று அறிவித்தார்கள்.

சரி, அதை விடுங்கள். இங்கே எழுதியவர்களுக்குப் பயன்படும் என்று சில யோசனைகள். முதலில் பட அட்டவணை. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று படங்களாக வரிசைப்படுத்தி, முடிந்ததைக் கழற்றி வைக்க வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினாவில் ஆட்டிசம் குழந்தைகளுக்காக எரிக் ஷாப்லர் தொடங்கிய டீச் (TEACCH) முறை 1972-ல் மாநிலத் திட்டமாகவே ஆனது, அதன் அடிப்படை இதுதான். வாயால் சொன்னது காற்றில் போய்விடும், படம் அங்கேயே இருக்கும். 'இன்று மாற்றம்' என்று ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். ஆசிரியர் வராத நாளில் அந்த அட்டை இல்லாமல்தான் பாதி ரகளை நடக்கிறது.

நீலக்குடை அக்கா, உங்கள் மகனுக்குப் படப் பரிமாற்ற முறையைப் பாருங்கள். 1985-ல் போண்டி, ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கியது. வேண்டிய பொருளின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கப் பழக்குவது. ஆரம்பத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும், ஒருவர் எதிரே, இன்னொருவர் பின்னாலிருந்து கையைப் பிடித்து உதவ. பின்னால் இருப்பவர் வாய் திறக்கவே கூடாது, எல்லோரும் இங்கேதான் கெடுக்கிறார்கள். பச்சைப் பென்சில் படத்தை அவனே அந்தச் சிறுமியிடம் கொடுத்திருக்கலாம். படம் காட்டப் பழகினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் பார்த்தபோது யாருக்கும் அதனால் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, பலருக்குக் கூடியிருந்தது.

இரண்டாம் மணி டீச்சர், அந்தப் பையனை மினுக்குகிற டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைக்காதீர்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அமைதி மூலை ஒன்று வேண்டும், ஆனால் அது தண்டனை மூலையாக மாறிவிடக்கூடாது. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக: கண்ணைப் பார்த்துப் பேச வீட்டிலேயே தினமும் பழக்குங்கள். அது வந்துவிட்டால் பள்ளியில் பாதிப் பிரச்சினை தீரும்.

சுழல்நாற்காலி

வரிசைப்படி, மற்றதெல்லாம் சரி. கடைசி யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

நானே ஆட்டிசம் உள்ளவன். பள்ளியில் படித்தபோது அதற்குப் பெயர் தெரியாது, 'திமிர்' என்றுதான் பெயர். ஆறாம் வகுப்பில் ஆசிரியர் ஏதோ தலைநகரத்தைக் கேட்டார். பதில் தெரியும், தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அவர் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்றார். அவர் விரலில் சாக்பீஸ் தூள். அந்தத் தூளின் உரசல், இவ்வளவு பக்கத்தில் ஒரு முகம். பதில் போயே போய்விட்டது. எந்த ஊரின் தலைநகரம் என்பது இன்றைக்கும் நினைவில்லை, அந்த உரசல் இருக்கிறது.

கண்ணைப் பார்க்க வைத்தால் உங்களுக்குத்தான் திருப்தி. எங்களில் பலருக்குப் பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் ஓடாது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் சொன்னது இதைத்தான்: புரிந்துகொள்ள முடியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் போடுகிறோம். எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. காதோடு காதாகக் கதை சொல்லி அனுப்பும் விளையாட்டுதான், எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியில், மற்றவர்கள் மட்டும் இருந்த சங்கிலிக்கு நிகராகவே கதை நின்றது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் அதிகமாகச் சிதைந்தது. அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் தினமும் பயிற்சி?

வரிசைப்படி

கட்டாயப்படுத்தச் சொல்லவில்லையே தம்பி, பழக்கத்தானே சொன்னேன். ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனால் என்ன செய்வாள் என் மகள்?

சுழல்நாற்காலி

புருவத்தைப் பார்ப்பாள். நான் அப்படித்தான் வேலை வாங்கினேன். மேசைக்கு அடியில் இருந்தவளை எண்ணாமல் விட்டதைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

கூட வந்தவள்

நான் தங்கை. அண்ணனும் நானும் ஒரே பள்ளி. அவன் கட்டுக்கடங்காமல் போனால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள், ஏனென்றால் நான் போய்க் கையைப் பிடித்தால் அடங்குவான். அறிவியல் பரீட்சை நடுவில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, என்னைப் பார்த்து விரலை மட்டும் ஆட்டினார். கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கட்டி எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் மேல் கோபம் இல்லை. 'எங்கள் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள்' என்று ஆண்டுவிழாவில் சொன்னார்கள், கை தட்டினோம்.

பாதிநாள்

இங்கே எல்லோரும் பொதுப்பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று பேசுகிறீர்கள். நான் மகளைச் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

சேர்க்கையெல்லாம் மரியாதையாகவே கொடுத்தார்கள். பதிவேட்டில் முழு நாள் வருகை. ஆனால் பதினொரு மணிவாக்கில் போன் வரும்: "சார், இன்னிக்குக் கொஞ்சம் அப்செட்டா இருக்கா, வந்து கூட்டிட்டுப் போயிடுங்களேன்." குரலில் அவ்வளவு இதம். இடைநீக்கம் இல்லை, கடிதம் இல்லை, வெளியே அனுப்பியதற்கு ஒரு தடயமும் இல்லை. ஒரு நாள் போன் வரவில்லை. நானே பதறிப்போய் அழைத்தேன். "அய்யோ, மறந்துட்டோம் சார், வாங்க" என்றார்கள். அவள் சமர்த்தாகத்தான் இருந்திருக்கிறாள். கூப்பிடுவது அவர்களுக்கே கால அட்டவணையில் ஒரு பீரியட் ஆகிவிட்டது.

1994-ல் ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகள் கூடி எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளி என்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்தப் பிரிவுக்கு 2016-ல் வந்த விளக்கவுரை நான்காகப் பிரிக்கிறது: வெளியே நிறுத்துவது, தனியே பிரித்து வைப்பது, உள்ளே விட்டு 'நீயே எங்களுக்குத் தக்கபடி மாறிக்கொள்' என்பது, பள்ளியே மாறுவது. என் மகளுக்குக் கிடைத்தது முதலாவதும் மூன்றாவதும் கலந்த ஒன்று. இரண்டாவதை நானாகத் தேர்ந்தெடுத்தேன். அங்கே முழு நாள் இருக்கிறாள்.

இரண்டாம் மணி

பாதிநாள் சார், திட்ட மாட்டேன். ஆனால் இன்னும் பிள்ளையைப் பொதுப்பள்ளியில் வைத்திருக்கிறவர்களுக்கு, பள்ளிக்கூட உள் ஆளாக ஒன்று சொல்கிறேன். போன் வந்தால் போங்கள், கூட்டி வாருங்கள். ஆனால் யார் அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டு முறை யோசிப்பார்கள்.

பாதிநாள்

கேட்டேன் டீச்சர். "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர் எல்லாம்" என்று சிரித்தார்கள். விடாமல் கேட்டபோது, நான் ஒத்துழைப்பதில்லை என்று ஒரு பேப்பர் வந்தது. அதில் தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது.