புதுப்பிப்பு: குடியிருப்பவர் வீட்டை நாள் வாடகைக்கு விடும்போது

அனுமதியில்லாமல் வீட்டை நாள் வாடகைக்கு விடும் குடித்தனக்காரரைப் பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. இம்முறை வீட்டு உரிமையாளர் சேர்க்க வேண்டிய ஆதாரம், அனுப்ப வேண்டிய நோட்டீஸ் பற்றி.

குடித்தனக்காரர் இணையத்தில் போடும் வாடகை விளம்பரத்தில் பெரும்பாலும் முழு முகவரி இருக்காது. ஆகவே ஜன்னல் கம்பி, தரை, சமையல் மேடை ஆகியவற்றை வீட்டை ஒப்படைத்தபோது எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். விளம்பரப் பக்கத்தை இணைப்பு, தேதி, தங்கியவர்கள் எழுதிய விமர்சனங்கள் தெரியும்படி சேமியுங்கள். நோட்டீஸ் அனுப்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள், பிறகு விளம்பரம் காணாமல் போய்விடும். மாதந்தோறும் விமர்சனங்கள் வந்திருந்தால் 'உறவினர் வந்து தங்கினார்' என்ற சாக்கு எடுபடாது.

நோட்டீஸில் ஒப்பந்தத்தின் உள்வாடகைத் தடைப் பிரிவை (வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பதை) குறிப்பிட்டு, நிறுத்துவதற்குக் கெடு கொடுங்கள். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது வேண்டவே வேண்டாம். வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். மீறல் தெரிந்தபின் பேசாமல் வாடகை வாங்கினால், பல இடங்களில் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். வாங்குமுன் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிடுங்கள்.