திருச்சியில் ஒரே ஒரு நாள்: மலைக்கோட்டை ஏறுவதா, ஏறாமல் ஊரைப் பார்ப்பதா?

ஈரோட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருச்சி வருகிறேன். காலை ரயிலில் வந்து ராத்திரி ரயிலில் திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு 64 வயது, வலது முழங்காலில் வலி உண்டு. பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 8. திருச்சிக்குப் போய்விட்டு மலைக்கோட்டை ஏறாமல் வரலாமா என்கிறார் என் வீட்டுக்காரர். அதிலேயே பாதி நாள் போய்விடும், வேறு எந்த ஊரிலும் இல்லாத சின்னச் சின்ன அதிசயங்களாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

உறையூர்க்காரன்

ஏற வேண்டாம்மா. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் உறையூர். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப்போவது முப்பது வருடமாக என் வேலை. 400க்கு மேல் படி. மூச்சு வாங்க ஏறி, உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, நாலு படம் எடுத்து, "என்ன காத்து, என்ன காத்து" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். கீழே வந்ததும் மேலே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் காவிரி, ஸ்ரீரங்கம் கோபுரம், அப்புறம் வீடுகள் என்பார்கள். அவ்வளவுதான்.

மலை அழகாகத் தெரிய வேண்டுமென்றால் சாயங்காலம் காவிரிப் பாலத்து நடைபாதையில் நின்று பாருங்கள். ஊர் சனம் அங்கேதான் காற்று வாங்க நிற்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடிகளுக்கு மேலே பாறை தனியாக எழுந்து நிற்கும். விளக்குப் போட்டதும் கோயில் மட்டும் தெரியும், பாறை இருட்டில் மறைந்துவிடும்.

மிச்ச நேரத்துக்கு நான் சொல்கிறேன். பகல் 12 மணிக்குத் திருவானைக்காவலில் இருங்கள். அகிலாண்டேசுவரி சன்னதியிலிருந்து அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அம்மனாகவே புறப்பட்டு ஜம்புகேசுவரருக்குப் பூஜை செய்யப் போவார். மேளம் முன்னால் போகும், பசுவுக்கும் பூஜை உண்டு. என்றோ ஒருநாள் திருவிழாவில் இல்லை, தினமும் நடக்கிறது. சுவாமியை அங்கே ஒன்பது துளை வைத்த கல் சாளரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சின்னவனைத் தூக்கிப் பிடித்துக் காட்டுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிப் பக்கம் "ஐந்து குழி மூன்று வாசல்" எங்கே என்று கேளுங்கள். தரையில் ஐந்து சின்னக் குழிகள் இருக்கும். ஐந்து விரலையும் அதில் ஊன்றிக் குனிந்தபடி தெற்கே பார்த்தால், மூன்று வாசல் வழியாகப் பரமபத வாசல் தெரியும். பெருமாள் வருகிறாரா என்று தாயார் விரல் ஊன்றிப் பார்த்த இடம் அது. துலுக்க நாச்சியார் சன்னதியையும் விட்டுவிடாதீர்கள். பெருமாள்மேல் ஆசைப்பட்டு வந்த சுல்தான் மகளுக்குக் கோயிலுக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். பெருமாளுக்கு அவள் வழக்கப்படி ரொட்டி படைப்பதும் உண்டு.

கல்வெட்டுப் பித்தன்

உறையூர் அண்ணன் சொன்ன இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் "ஏற வேண்டாம்" என்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

சிவன் தாயுமானவராக இருக்கும் சன்னதியைத் தாண்டி உச்சிக்குப் போகும் வழியில் ஒரு குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன், நிற்கிறார். சடையில் ஒரு புரியைக் கையில் பிடித்து நீட்டுகிறார். மேலேயிருந்து கங்கை கைகூப்பியபடி அதை நோக்கி இறங்குகிறாள், உருவம் ஒரு சாண் போலச் சின்னது. காலடியில் ஒரு பூதம். சிற்பத்துக்கு இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிச் செய்யுள்கள், பல்லவ கிரந்த எழுத்தில்.

அதில் ஒரு செய்யுள் சொல்வது இது. பூமியில் ஒரு கோயிலுக்குள் இருந்துகொண்டு சோழரின் பெருஞ்செல்வத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் அரசனைக் கேட்டாராம். அதனால்தான் மேகம் தொடும் இந்த மலைக்கோயிலை அவன் அமைத்துக் கொடுத்தானாம். இன்னொன்று, ஆறுகள்மேல் பிரியம் உள்ள சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, பார்வதி பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கிவிட்டாள், "இந்த ஆறு பல்லவனுக்குப் பிரியமானவள்" என்று சொல்லிக்கொண்டே, என்கிறது.

1400 வருடத்துக்கு முன்பே அந்தக் குடைவரைக்குக் காரணமாகச் சொன்னது மேலிருந்து தெரியும் காட்சியைத்தான். அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? சோழரின் செல்வம் என்றால் அதில் முதலில் வருவது அவர்களின் பழைய தலைநகரான உங்கள் உறையூர்தான், அண்ணா.

சிந்தாமணிக்காரி

நான் அனுபவத்தைச் சொல்கிறேன். போன வருடம் சித்திரையில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பகல் 11 மணிக்கு ஏறினேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். தாயுமானவர் வரை தலைக்கு மேல் மறைப்பு இருக்கிறது, உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. அதற்கு மேலே வானம் பார்த்த பாறைப்படி. கால் வைக்க முடியவில்லை. அம்மாவுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் தண்ணீர் கொடுத்துக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டது. படியைத் தவிர வேறு வழி கிடையாது. கல்வெட்டு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. 64 வயது அம்மாவின் முழங்கால் அதைவிட முக்கியம்.

உறையூர்க்காரன்

சிந்தாமணித் தங்கச்சி சரியாகச் சொன்னார். பித்தன் தம்பி, நீ சொல்வது அருமை. ஆனால் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு ஏறுபவர் நூற்றில் எத்தனை பேர்? அந்தக் குடைவரைக்கு முன்னால் பத்து பேர் என்னைத் தாண்டிப் போவார்கள், ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் கடைசியாகப் போன அன்று கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கோடையில் போனால் சிவன் பார்த்து மயங்கிய காவிரியும் இருக்காது, வெறும் மணல்தான்.

கல்வெட்டுப் பித்தன்

கதவு பூட்டியிருந்தாலும் வெளியே நின்று இடது பக்கம் எட்டிப் பார்த்தால் சிற்பம் பக்கவாட்டில் தெரியும் அண்ணா. குடைவரை தெற்குப் பார்த்தது, சிற்பம் மேற்குச் சுவரில். எதிரே, கிழக்குச் சுவரில் கருவறை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் இவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் இருக்கிற வருடமாக அமைந்தால் ஆடியில் கரை தொட்டு ஓடும். அதையே மேலிருந்து பார்த்தால் வடக்கே காவிரி, அதற்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவு என்று பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வாள்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. இந்தப் பாறை 273 அடி. அடியில் நின்று கழுத்து வலிக்கப் பார்க்கும் கோபுரத்தை இங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். 1987இல் கட்டி முடித்த கோபுரம் அது, அதற்கு முன் ஏறியவர்களுக்குக் கிடைக்காத காட்சி.

பொன்மலைவாசி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரயிலில் வருகிறீர்கள் என்பதால் ஒன்று. பிள்ளைகளிடம் பொன்மலைப் பணிமனையைப் பற்றிச் சொல்லிவையுங்கள். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினைப் புதிதாகவே செய்து கொடுத்த இடம் அது. என் அப்பா அங்கே வேலை பார்த்தவர். பணிமனைக்குள் விட மாட்டார்கள், ஆனால் ஜங்ஷன் பக்கம் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 8 வயதுப் பையனுக்கு மலையைவிட அதுதான் பிடிக்கும்.

தெப்பக்குளத்துக் கடைக்காரர்

மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கிறேன். ஏறுகிறவர் முகத்தையும் இறங்குகிறவர் முகத்தையும் தினமும் பார்க்கிறவன் நான். இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டுச் சண்டை போடுவதாகத் தெரிகிறது. மலைக்கும் உறையூருக்கும் ஒரே கதைதான்.

சாரமா முனிவர் செவ்வந்தித் தோட்டம் போட்டு, அந்தப் பூவைத் தாயுமானவருக்குச் சாத்தி வந்தார். ஒரு வியாபாரி அதைத் திருடி உறையூர் அரசனுக்குக் கொடுத்தான், அரசனும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். முனிவர் முறையிட்டார். கிழக்கே பார்த்திருந்த சுவாமி கோபத்தில் மேற்கே, உறையூரை நோக்கித் திரும்பினார். ஊர்மேல் மண்மாரி பொழிந்தது. இன்றும் தாயுமானவர் மேற்கு நோக்கித்தான் இருக்கிறார். கொடிமரம் அவருக்குப் பின்னால் நிற்கும். வேறு கோயிலில் இப்படிப் பார்ப்பது அரிது, போய்க் கவனியுங்கள்.

மண்மாரியில் வீடிழந்த சனங்கள் வெக்காளியம்மனிடம் போய் அழுதார்கள். உங்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை எனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டாள். இன்றுவரை கருவறைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலும் மழையும் அவள்மேல்தான். வேண்டுதலைத் தாளில் எழுதி அம்மன் முன்னால் உள்ள சூலத்தில் கட்டிவிட்டு வருவார்கள்.

காலையில் தாயுமானவரைப் பார்த்துவிட்டு அப்படியே உறையூர் போனால், கதையின் இரண்டு பாதியும் ஒரே நாளில் ஆகிவிடும். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

உறையூர்க்காரன்

அண்ணாச்சி, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெக்காளி. அவளை விட்டுவிட்டு ஆனைக்காவைப் பற்றி எழுதினேன் பாருங்கள், மனசு உறுத்துகிறது. நீங்கள் சொன்னது சரி. தாயுமானவர் வரை ஏறலாம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் தேவையில்லை என்பதில் மாற்றமில்லை. உச்சிக்குப் போய் வரும் நேரத்தில் ஆனைக்காவின் பகல் 12 மணி உச்சிக்காலப் பூஜை போய்விடும்.

கல்வெட்டுப் பித்தன்

போகாது அண்ணா. காலை 7 மணிக்கு ஏறத் தொடங்கினால் நிதானமாகப் பார்த்துவிட்டு 9 மணிக்குக் கீழே இருக்கலாம். பாறையும் சுடாது. அம்மா தாயுமானவர் சன்னதியில் உட்காரட்டும், பிள்ளைகள் மேலே போய் வரட்டும். உச்சியை விட்டுவிட்டு வரச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை, இதில் நானும் மாற மாட்டேன். தங்கச்சி, நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஈரோட்டுக்காரி

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜங்ஷனிலிருந்து நேரே அடிவாரம் வந்து ஏழேகாலுக்கு ஏறினோம். பத்துப் படிக்கு ஒருமுறை அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயுமானவர் வரை வந்ததே பெரிது. காவிரியில் வெள்ளம் வந்து, பிள்ளை பெறும் செட்டிப் பெண்ணின் தாய் வர முடியாமல் போனபோது, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்த கதையை அங்கே ஒரு பாட்டி சொன்னார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பிறந்தபோது ஊரில் மழை, என் பாட்டி வந்து சேர இரண்டு நாளாயிற்றாம். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

அம்மாவை அந்தப் பாட்டியோடு விட்டுவிட்டு நாங்கள் மூவரும் மேலே போனோம். குடைவரைக் கதவு பூட்டித்தான் இருந்தது. பித்தன் அண்ணன் சொன்னபடி இடது பக்கம் எட்டிப் பார்த்தோம், கைகூப்பிய கங்கையைக் கண்டுபிடித்தது சின்னவன்தான். உச்சியில் பெரியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெகு நேரம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தவள், "தண்ணி எங்கேம்மா பிரியுது?" என்று மட்டும் கேட்டாள். முக்கொம்பு என்று சொன்னேன், அங்கே போகவில்லையா என்று ஒரே பிடிவாதம்.

ஆனைக்கா உச்சிக்காலம் கிடைத்தது. கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று சின்னவன் அழுதான், ஒரு பெரியவர் தோளில் தூக்கிக் காட்டினார். ஐந்து குழியில் அம்மா விரல் ஊன்றிப் பார்க்கக் குனிய முடியவில்லை, பெரியவள் பார்த்துச் சொன்னாள். அருங்காட்சியகத்துக்கு நேரமில்லை, பொன்மலை அண்ணன் மன்னிக்க வேண்டும். சாயங்காலம் உறையூரில் அம்மா வெக்காளிக்கு ஒரு தாள் எழுதினார். கையால் மறைத்துக்கொண்டே எழுதினார், காட்டவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. என் தங்கைக்கு மார்கழியில் பிரசவம். நல்லபடியாக ஆனால் தாயுமானவருக்கு வாழைத்தார் கட்டுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாராம். தார் ஈரோட்டிலிருந்தே கொண்டுவர வேண்டுமா, அங்கேயே கிடைக்குமா?

தெப்பக்குளத்துக் கடைக்காரர்

இங்கேயே கிடைக்கும்மா. காந்தி மார்க்கெட்டில் காலையிலேயே வாங்கிவிடலாம். தாரை யார் மேலே தூக்குவது என்று கவலைப்படாதீர்கள், கடைப் பையனை அனுப்புகிறேன்.

உறையூர்க்காரன்

பையன் வேண்டாம் அண்ணாச்சி. தாயுமானவர் வரைக்கும்தானே, நான் தூக்கி வருகிறேன்.