மறு: பேக்போர்ட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘ஒட்டுக்கட்டல்’ சரிவருமா?

வணக்கம்.

மென்பொருளின் புதிய பதிப்பில் உள்ள ஒன்றைப் பழையதற்குப் பொருந்துமாறு மாற்றிச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் பேக்போர்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பின்னோக்கிய ஒத்திசைவு, பின்பெயர்ப்பு, பின்கொணர்வு, அற்றைப்படுத்தல். இவற்றில் முதலாவதை உடனே ஒதுக்கிவிடலாம். பழைய பதிப்பில் எழுதிய கோப்பைப் புதிய பதிப்பு சிக்கலில்லாமல் திறந்தால் அதைத்தான் பின்னோக்கிய ஒத்திசைவு என்கிறோம். அது மென்பொருளின் ஒரு தன்மை. பேக்போர்ட் என்பது ஒருவர் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு அந்த வேலை நடந்ததே தெரியாமல் போய்விடும்.

அது எவ்வளவு பெரிய வேலை என்பதை ஒரு நிமிடம் பார்ப்போம். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் முடித்துக்கொண்டது. அந்த இயங்குதளத்தில் ஓடக்கூடிய கடைசி ஃபயர்பாக்ஸ் உலாவி 115-ஆம் பதிப்பு. அது 2023 ஜூலையில் வெளிவந்தது. ஃபயர்பாக்ஸ் அதற்குப் பிறகு எத்தனையோ பதிப்புகள் முன்னேறிவிட்டது. புதிய பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது. அதே ஓட்டை 115-இலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புக்கு எழுதிய திருத்தத்தை அப்படியே 115-இல் போட முடியாது. இடையில் அந்த ஓட்டை இருந்த செயற்கூறு (நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதி) இரண்டாகப் பிரிந்திருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், அது நம்பியிருக்கும் இன்னொரு கூறு 115-இல் இல்லாமலே இருக்கலாம். ஆகவே திருத்தத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு, பழைய நிரலுக்குப் பொருந்துமாறு அதை மறுபடி எழுதவேண்டும். வேறெதுவும் உடையக்கூடாது. பழைய கணினியை இன்னும் வைத்திருப்பவர் வங்கிக் கணக்கைப் பயமில்லாமல் திறப்பதற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல பெயர் கொடுப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

அடுத்து, ‘பின்’ சேர்த்த சொற்கள். எனக்கு இவற்றில் அடிப்படையான தயக்கம் உண்டு. இடத்தைப் பேசும்போது பின் என்றால் முதுகுப் பக்கம். காலத்தைப் பேசும்போதோ பின்பு, பின்னாளில், பிற்காலம் எல்லாமே வரப்போவதைக் குறிக்கின்றன. கடந்து போனது முன்பு, முன்னாள், முன்னோர். பேக்போர்ட்டில் நாம் பேசுவது காலத்தைத்தான்: புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்குப் போகிறோம். பின்கொணர்வு என்று கேட்பவர் ‘பிறகு கொண்டுவருவது’ என்று புரிந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. சரி, ‘முன்’ போடலாமா என்றால் முன்னேற்றம், முன்னோக்கு என்று அது வேறு பக்கம் இழுக்கிறது. இரண்டையும் விட்டுவிடுவதே நல்லது.

அற்றைப்படுத்தல் மிக அழகான சொல். அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல் என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். சங்கப் பாட்டில் ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ என்று இணையாக வருவதை எடுத்துக்காட்டி இதை முன்வைத்த நண்பருக்கு நன்றி. ஆனால் பொருள் எதிராகப் போகிறது. அற்றைப்படுத்தினால் மென்பொருள் அன்றிருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது என்றாகும். அது டவுன்கிரேடு. பேக்போர்ட்டில் பழையது பழையதாகவே இருக்க, அதற்குள் இன்றையது ஒன்று வந்து சேர்கிறது. தவிர, பேச்சில் ‘அற்ற’ என்று காதில் விழும் அபாயமும் இருக்கிறது.

என் பரிந்துரை ஒட்டுக்கட்டல். மாமரத்துக்கு ஒட்டுக்கட்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மண்ணில் ஊன்றி நிற்கும் வேர்ச்செடியை யாரும் பிடுங்குவதில்லை. வேறு மரத்துக் குச்சியைச் சீவி, இதன் வெட்டுவாய்க்குப் பொருந்துமாறு வைத்துக் கட்டுகிறார்கள். குச்சியை வேர்ச்செடியின் பருமனுக்கு ஏற்பத் தேர்ந்து சீவவேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. மேலே நான் சொன்ன வேலையின் மூன்று பகுதிகளும் இதில் இருக்கின்றன: பழைய வேர், புதிய குச்சி, பொருத்தும் கைவேலை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பேக்போர்ட் என்ற சொல் இரண்டு வேலைகளுக்குப் புழங்குகிறது. நம் சொல் இரண்டையும் தாங்கவேண்டும். ஒன்று, பழைய பதிப்பில் ஒரு திருத்தத்தை மட்டும் சேர்ப்பது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2014 ஏப்ரல் 7-இல் வெளியே தெரிந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டம் 1.0.1g என்ற பதிப்பில் அதை அடைத்தது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் அப்போதைய நிலைப்பதிப்போ (பெரிய மாற்றமில்லாமல் நிலையாக வைத்திருக்கும் வெளியீடு) 1.0.1e-இலேயே நின்றுகொண்டு, அந்தத் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்தது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது இன்னும் ஓட்டையோடு இருப்பதுபோலத் தெரியும். இன்றைக்கும் பதிப்பெண்ணைப் பார்த்தே எச்சரிக்கை எழுப்பும் பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் இதில் ஏமாறுகின்றன. இரண்டாவது, டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் நடப்பது: வரவிருக்கும் வெளியீட்டுக்கான பொதியை (நிறுவுவதற்கென ஒன்றாகக் கட்டிய மென்பொருளை) முழுசாக எடுத்து, நிலைப்பதிப்பில் ஓடும்படி மறுபடி தொகுப்பது. முதலாவதில் வேர் பழைய மென்பொருள், குச்சி ஒரு திருத்தம். இரண்டாவதில் வேர் பழைய இயங்குதளம், குச்சி ஒரு முழு மென்பொருள். இரண்டுக்கும் ஒட்டுக்கட்டல் பொருந்துகிறது. மற்ற பரிந்துரைகளில் இந்தப் பொருத்தத்தை நான் காணவில்லை.

டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற உலாவியின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பவர்பிசி சில்லு கொண்ட மேக் கணினிகளை விட்டு ஆப்பிள் 2006-இல் இன்டெல்லுக்கு மாறியது. 2011-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 4 அந்தப் பழைய கணினிகளுக்கு வரவில்லை. கேமரன் கைசர் என்பவர் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4-க்காக ஃபயர்பாக்ஸை டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் தொடர்ந்து உருவாக்கினார், 10.4 என்ற எண்தான் (டென்-ஃபோர்) பெயரிலும் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ஃபயர்பாக்ஸின் புதிய பதிப்புகளோடு ஓட முடியவில்லை. அடித்தளம் 45-ஆம் பதிப்போடு நின்றது. அப்புறமும் 2021 வரை, பிந்தைய பதிப்புகளின் பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்து 45-க்கு ஏற்றபடி மாற்றிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். 2005-இல் வந்த ஓர் இயங்குதளத்தில் அத்தனை ஆண்டுகள் இணையம் திறந்தது என்றால் அது இந்த வேலையால்தான்.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். ‘ஒட்டு’ என்பது ‘ஓட்டு’ என்று தவறாகப் படிக்கப்படும், நிரலை ஓட்டுவதோடு குழம்பும் என்றார்கள். தனிச்சொல்லாக வைத்தால் உண்மைதான். ‘ஒட்டுக்கட்டு’ என்ற கூட்டுச்சொல்லாக மட்டுமே பயன்படுத்தினால் அந்தக் குழப்பம் எழாது. இதே காரணத்தால், பேட்சுக்கு ‘ஒட்டு’ என்று வைக்கலாம் என்ற துணைப் பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பட்டியில் ‘வெட்டு, நகலெடு, ஒட்டு’ என்று ஏற்கெனவே இருக்கிறது. பேட்சு ‘திருத்தம்’ என்றே இருக்கட்டும். நகரத்தில் வளர்ந்தவருக்குத் தோட்டத்துச் சொல் எட்டாது என்ற கருத்தும் வந்தது. ஒட்டுமாங்காய் என்ற சொல் சந்தையில் எல்லார் வாயிலும் இருக்கிறது. அங்கிருந்து இதற்கு வருவது தூரமில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இந்தத் திருத்தம் 115-ஆம் பதிப்பில் ஒட்டுக்கட்டப்பட்டுள்ளது.’ ‘இந்தப் பொதி நிலைப்பதிப்புக்காக ஒட்டுக்கட்டப்பட்டது.’ இரண்டும் இடறாமல் வருகின்றன. திருத்தம் என்றால் ‘இல்’, முழுப் பொதி என்றால் ‘க்காக’ என்று வேற்றுமை உருபை வைத்தே இரண்டு பொருளையும் பிரித்துவிடலாம். கலைச்சொல் பட்டியலில் இந்தக் குறிப்பையும் சேர்க்கவேண்டும்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து தனியே வைக்கவேண்டும். கணினி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் கெட்-டிக்-கவுன்ட்-64 என்ற செயற்கூறு விண்டோஸ் விஸ்டாவில்தான் வந்தது. அதை நேரடியாக இணைத்துத் தொகுத்த நிரல் அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியில் தொடங்கவே தொடங்காது. பழைய மேக்குகளிலும் இப்படி இல்லாத கூறுகள் உண்டு; மேக்குகளுக்குத் திறமூல மென்பொருள்களைத் தரும் மேக்போர்ட்ஸ் திட்டம் அவற்றைத் தானே எழுதி ஒரு நிரல் நூலகமாகத் தருகிறது. இதையும் ஒட்டுக்கட்டல் என்று சொல்லலாமே என்று நேற்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே இயங்குதளத்தில் இல்லாத ஒன்றுக்கு நிரலின் பக்கமிருந்து ஈடு தரப்படுகிறது. இது ஷிம். ‘முட்டு’ என்ற பரிந்துரை முட்டுக்கட்டையை நினைவூட்டுவதால் ‘ஈடுகூறு’ என்று வைத்துப் பார்க்கிறேன். இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்; ஈழத்து நண்பர்கள் அங்கே வேறு சொல் புழங்குகிறதா என்று சொன்னால் நல்லது. ஒட்டுக்கட்டலுக்கு வலுவான மறுப்பு வராவிட்டால், டெபியன் நிறுவல் கையேட்டு மொழிபெயர்ப்பில் முதலில் இட்டுப் பார்க்கலாம்.