அன்செலோட்டி: ஆட்டக்காரராகக் கற்றதா, பயிற்சியாளராகக் கற்றதா?

கேள்வி

கார்லோ அன்செலோட்டி கால்பந்துப் பயிற்சியாளராக, ஐரோப்பியக் கிளப்புகளின் மிக உயர்ந்த போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை ஐந்து முறை வென்றவர். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் முதல்நிலை லீக்குகளிலும் பட்டம் பெற்ற முதல் பயிற்சியாளர். இத்தாலியின் ரோமா, மிலான் அணிகளின் நடுக்களத்தில் ஆடிய அனுபவம்தான் வீரர்களுக்கு ஏற்றபடி ஆட்டமுறையை வளைக்கும் பக்குவத்தை அவருக்குத் தந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் 1996இல் இத்தாலியின் பார்மா அணிக்குப் பொறுப்பேற்றபோது, தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர் என்ற 4-4-2 அமைப்பை விட்டு அவர் அசையவில்லை. முன்களத்தில் ஆட வேண்டிய ஜோலாவை இடது ஓரத்தில் நிறுத்தினார். ஜோலா இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு, முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஆட விரும்பிய நட்சத்திர வீரர் ராபர்ட்டோ பாஜ்ஜியோ வரத் தயாராக இருந்தும் வேண்டாம் என்றார். ஆடிய காலத்திலேயே அந்தப் பக்குவம் வந்திருந்தால், தொடக்கத்தில் இவ்வளவு இறுக்கம் ஏன்?

பதில் 1

அந்த இறுக்கமும் அவர் ஆடிய காலத்திலிருந்து வந்ததுதான் என்பது என் கருத்து. ரோமாவில் இருந்தபோது இரண்டு முழங்கால்களிலும் கடுமையாகக் காயம்பட்டு, 1982 உலகக் கோப்பையையும் 1984 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதி ஆட்டத்தையும் இழந்தவர் அவர். 1987இல் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி அவரை மிலானுக்கு அழைத்துக்கொண்டபோது, கால்களின் வேகத்தை நம்பி ஆடும் நிலையில் அவர் இல்லை. எங்கே நிற்பது, எப்போது முன்னேறி நெருக்குவது என்ற ஒழுங்கு அவரைக் காப்பாற்றியது. 1989இல் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வீழ்த்திய அரையிறுதியில் முதல் கோலைத் தொலைவிலிருந்து அடித்தவர் அவர்தான். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தன்னை மீட்டெடுத்த ஒரு முறையின் மீது ஒருவர் பற்று வைப்பதில் வியப்பில்லை.

பாஜ்ஜியோ விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியின் பயிற்சியாளராக இருந்த சாக்கியின் உதவியாளராக அன்செலோட்டி இருந்தார். நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் கோல்காப்பாளர் பலியூகா சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபோது, மாற்று கோல்காப்பாளரை இறக்குவதற்காக சாக்கி வெளியே அழைத்தது பாஜ்ஜியோவைத்தான். இத்தாலி 1-0 என்று வென்றது. அமைப்புதான் முதலில், நட்சத்திரம் பிறகு என்ற பாடத்தை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர் பார்மாவில் அதையே செய்ததில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் திருப்பம், பார்மாவுக்குப் பின் அவர் பயிற்றுவித்த யுவென்டஸ் அணியில் நிகழ்ந்தது என்பதைச் சேர்க்க வேண்டும். அங்கே ஆட்டத்தை வடிவமைக்கும் நட்சத்திர நடுக்கள வீரர் ஜிடான் இருந்தார். அவரை ஓரத்துக்குத் தள்ளுவது நினைத்துப் பார்க்க முடியாதது. எனவே இரண்டு முன்கள வீரர்களுக்குப் பின்னால் அவருக்கென்று ஓர் இடத்தை வைத்து, மற்ற அமைப்பை அதைச் சுற்றிக் கட்டினார். லீக்கில் அடுத்தடுத்து இருமுறை இரண்டாம் இடம்தான் கிடைத்தது என்றாலும், பாஜ்ஜியோவை மறுத்தது தவறு என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லும் அளவுக்கு அவர் பார்வை மாறியது.

அதன் முழுப் பயனை அடுத்து அவர் பயிற்சியாளரான மிலானில் பார்க்கிறோம். நடுக்கள வீரர் பிர்லோவைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் இறக்கியதை அன்செலோட்டியின் கண்டுபிடிப்பு என்பார்கள். பிரெஷ்யா அணியில் பயிற்சியாளர் மட்சோனே அதை முன்பே செய்திருந்தார் என்பதால் அது முழு உண்மையன்று. அன்செலோட்டியின் பங்கு வேறு: பிர்லோவைப் பின்னால் வைத்து, பந்தைப் பறிக்கும் வேலையை கட்டூசோவிடம் விட்டு, செடோர்ஃபையும் ருயி கோஸ்டாவையும் அதே நடுக்களத்தில் சேர்த்து ஆட வைத்தார். 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் யுவென்டஸை பெனால்டிகளில் வென்றது அந்த நால்வர் கொண்ட நடுக்களம்தான்.

பதில் 3

இருவரும் சாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். ரோமாவில் அன்செலோட்டியை வளர்த்த பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம் விடுபட்டுவிட்டார். பதற்றமில்லாத அந்த ஸ்வீடன்காரரின் கீழ், பிரேசில் நடுக்கள வீரர் ஃபல்காவோவுக்குப் பக்கத்தில் ஆடி 1983இல் லீக் பட்டம் வென்றவர் அன்செலோட்டி. அவருடைய ஆட்ட ஒழுங்கு சாக்கியிடமிருந்து வந்தது என்றால், வீரர்களை நடத்தும் விதம் லீட்ஹோமிடமிருந்து வந்தது என்பேன்.

புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. மிலானில் எட்டு ஆண்டுகள் இருந்தும் லீக் பட்டம் 2004இல் ஒருமுறைதான். ஜெர்மனியின் பாயர்ன் அணியில் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டார். ஆயினும், கையிலிருக்கும் வீரருக்கு இடம் தேடும் திறமை பின்னாளிலும் குறையவில்லை. ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த டி மரியாவை 2013-14இல் இடது நடுக்களத்துக்கு உள்ளிழுத்தார். அவர் பயிற்றுவித்த ரியல் மாட்ரிட்டுக்குப் பத்தாவது சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. 2023இல் அங்கிருந்து முன்கள வீரர் பென்சிமா போனதும், அவரைப் போன்ற இன்னொருவரைத் தேடிக் காத்திராமல், வினிசியஸையும் ரொட்ரிகோவையும் முன்னால் பரவவிட்டு, நடுக்கள வீரரான பெல்லிங்ஹாமை அவர்களுக்கு இடையில் புகவைத்தார். பெல்லிங்ஹாம் அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 19 கோல்கள் அடித்தார். 1997இல் பாஜ்ஜியோ கேட்டதும் ஏறக்குறைய அந்த இடத்தைத்தான்.