தூண்டிய லிம்போசைட்டில் ஆக்டின் பேண்டே ஏறுகிறது, எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி:
பிபிஎம்சி-யை (ரத்தத்திலிருந்து பிரித்த லிம்போசைட், மோனோசைட் வெள்ளணுக்கள்) பிஹெச்ஏ (லிம்போசைட்டைத் தூண்டும் பொருள்) போட்டு 48 மணி நேரம் வளர்த்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் முறை) ஓட்டுகிறேன். பிசிஏ (மொத்தப் புரதத்தை அளக்கும் சோதனை) பார்த்து லேனுக்கு (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் வரிசை) 25 மைக்ரோகிராம் சமமாகத்தான் ஏற்றுகிறேன், ஆனாலும் தூண்டிய லேனில் ரெஃபரன்ஸாக வைத்த பீட்டா ஆக்டின் பேண்ட் தடிமனாகவும் தூண்டாததில் மெலிசாகவும் வருகிறது. ஜிஏபிடிஹெச்-க்கு மாறினால் இன்னும் மோசம். அடுத்து பிளேட்லெட், நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) எல்லாம் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு ரெஃபரன்ஸ் புரதம் (எல்லா லேனிலும் மாறாமல் இருந்து ஒப்பிட உதவுவது) சொல்லுங்களேன்.

பதில் 1:
ஏற்றிய அளவைச் சந்தேகிக்க வேண்டாம். சும்மா இருக்கும் லிம்போசைட்டில் சைட்டோபிளாசம் கொஞ்சம்தான். தூண்டினால் செல் பெருக்கும், கிளைகோலிசிஸ் (குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதை) எகிறும். ஜிஏபிடிஹெச் அந்தப் பாதையின் நொதி, அது ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிளாக் செய்வதற்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் மெம்பரேனை மூடுவதற்கு) முன் மெம்பரேனை எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ எஸ் சாயத்தில் நனைத்துப் படம் எடுங்கள், பிறகு உங்கள் பேண்டை அந்த லேனின் மொத்தப் புரதத்தால் வகுங்கள். கழுவினால் சாயம் போய்விடும், ஆன்டிபாடிக்கு இடைஞ்சல் இல்லை.

பதில் 2:
மூன்றுக்கும் ஒன்றா? மறந்துவிடுங்கள்.

பிளேட்லெட்டில் நியூக்ளியஸ் கிடையாது, அதனால் லாமின் பி1, ஹிஸ்டோன் எச்3 போன்ற நியூக்ளியஸ் புரதங்கள் எல்லாம் அங்கே ரெஃபரன்ஸாக உதவாது (அதில் ஹிஸ்டோன் பேண்ட் பளிச்சென்று வந்தால் வெள்ளணு கலந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த வகையில் உபயோகம்தான்). ஆக்டினிலும் ஒரு சிக்கல்: பிளேட்லெட் தூண்டப்பட்டதும் ஆக்டின் இழைகளாகச் சேர்ந்துகொள்ளும், ட்ரைட்டான் (மென்மையான டிடர்ஜென்ட்) பஃபரில் உடைத்து ஸ்பின் செய்தால் அந்த இழைகள் பெல்லட்டோடு கீழே போய்விடும், நீங்கள் மேலே இருப்பதை மட்டும் ஓட்டிவிட்டு ஆக்டின் குறைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நேராக எஸ்டிஎஸ் (இழைகளையும் கரைக்கும் கடுமையான டிடர்ஜென்ட்) பஃபரில் உடைப்பது மேல்.

நியூட்ரோஃபில் தனித் தொல்லை. செல்லை உடைத்ததும் எலாஸ்டேஸ், கேத்தெப்சின் ஜி என்று புரதம் வெட்டும் நொதிகள் எல்லாம் வெளியே வந்து கண்டதையும் வெட்டும். அவற்றைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செயலிழக்கும், கடைசி நேரத்தில் சேருங்கள். முடிந்தால் சூடான எஸ்டிஎஸ் பஃபரிலேயே கொதிக்க வையுங்கள். ஆக்டினின் 42 கிலோடால்டனுக்கு (புரதத்தின் எடை அலகு) கீழே சின்னச் சின்ன பேண்டுகள் தெரிந்தால் அந்த சாம்பிளை நம்பாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
பான்சோவில் லேன்கள் சமமாகத்தான் இருக்கின்றன. ஆனால் 15 கிலோடால்டன் பக்கம் ஒரு லேனில் மட்டும் கனமான பேண்ட். அப்புறம், ரெஃபரன்ஸாக வின்குலின் புரதத்தை வைக்கலாமா?

பதில் 2:
அந்தக் கனமான பேண்ட் பெரும்பாலும் ஹீமோகுளோபின், சிவப்பணு மிச்சம். பிசிஏ அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கும், அதனால் அந்த லேனில் உங்களுக்கு வேண்டிய புரதம் குறைவாகத்தான் ஏறியிருக்கும். அடுத்த முறை சிவப்பணு லைசிஸ் நன்றாகச் செய்யுங்கள்.

பதில் 1:
வின்குலினும் செல் எலும்புக்கூட்டைச் சேர்ந்ததுதான், ஆக்டின் மேல் இருக்கும் அதே சந்தேகம் இதன் மேலும் உண்டு. எதை எடுத்தாலும் தூண்டியது, தூண்டாதது இரண்டிலும் 5, 10, 20, 40 மைக்ரோகிராம் ஏற்றிப் பாருங்கள். அளவு இரட்டித்தால் சிக்னலும் இரட்டிக்க வேண்டும். ஆக்டின் பல சமயம் 20-க்கு மேலே தட்டையாகிவிடும், அதற்குப் பிறகு வித்தியாசம் இருந்தாலும் தெரியாது. இதை ஒரே ஆளின் ரத்தத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள், வேறு சிலரின் ரத்தத்திலும் ஓட்டிப் பாருங்கள்.