கலப்புச் சவ்வில் புரோட்டான் கடத்துதிறன் பாதியாகிவிட்டது, அவசரம்

கன்னங்குறிச்சி மாணவன்:
எரிபொருள் மின்கலத்துக்காக, சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளால் புரோட்டானைக் கடத்தும் ஸ்பீக் பாலிமரில், சிர்கோனியமும் கரிமச் சேர்மமும் பிணைந்த நுண்துளைத் தூளான யூஐஓ-66 கலந்து சவ்வு வார்த்தேன். சென்ற மாதம் வார்த்த வெறும் ஸ்பீக் சவ்வில் வந்த கடத்துதிறனில் பாதிதான் வருகிறது. கூட வேண்டியது ஏன் குறைகிறது? கண்ணாடித் தட்டிலிருந்து உரித்தால் அடிப்பக்கம் மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

சூரமங்கலம்:
எத்தனை சதவீதம் கலந்தீர்கள்? கரைப்பான் எது? அமினோ தொகுதி உள்ள யூஐஓ-66 தானா?

பழைய மின்வேதியியல்:
வெப்பநிலை, ஈரப்பதம், சல்ஃபோனேற்ற அளவு எதையும் காணோம். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன். பேர்பெற்ற நாஃபியான் சவ்வே 80 டிகிரியில் நன்றாக நனைந்திருந்தால்தான் சென்டிமீட்டருக்கு 0.1 சீமென்ஸ் அளவுக்குக் கடத்தும், காய்ந்தால் படுத்துவிடும். விவரத்தோடு வாருங்கள், தம்பி.

ஏற்காட்டு மூடுபனி:
வார்த்த அன்று மழையா? கரைப்பான் டிஎம்எஃப் என்றால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் மலையில் பனி இறங்கும் நாட்களில் நான் வார்ப்பதே இல்லை.

கன்னங்குறிச்சி மாணவன்:
5 சதவீதம், டிஎம்எஃப், அமினோ இல்லை. மழை இல்லை.

சூரமங்கலம்:
வெண்மை, துகள் அடியில் படிந்ததன் அடையாளம். தூளை முழுக்க உலர்த்தினால் கட்டிபிடிக்கும், பிறகு மீயொலியில் வைத்தாலும் பிரியாது. மெத்தனாலில் கழுவிய ஈரத்தோடே டிஎம்எஃப்-க்கு மாற்றுங்கள். முதலில் கொஞ்சம் பாலிமர் சேர்த்துக் கலக்கி, மீதியைப் பிறகு ஊற்றுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
துத்தநாகம் உள்ள, இதே வகைத் தூளான ஜிஃப்-8 போடலாமே? அறை வெப்பநிலையிலேயே தயாராகும், செலவும் குறைவு.

சூரமங்கலம்:
சவ்வை அமிலத்தில் ஊறவைக்கும்போது ஜிஃப்-8 சிதைந்து துத்தநாகம் கரைந்துபோகும். சிர்கோனியம் பிணைப்பு அமிலத்தைத் தாங்கும். 2008-இல் ஆஸ்லோவில் உருவான யூஐஓ-66-ஐ இன்றும் எல்லோரும் நாடுவது அதனால்தான்.

செவ்வாய்ப்பேட்டை:
ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் காரச் சவ்வுக்கு ஜிஃப்-8 தாங்கும். அமிலச் சவ்வு ஒன்றுதான் உலகமா?

சூரமங்கலம்:
அவர் கேட்டது அமிலச் சவ்வைப் பற்றி. காரச் சவ்வுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கருப்பூர்:
அமிலத்தில் ஊறவைத்த பின் எந்த நீரில் கழுவினீர்கள்? அதை யாருமே கேட்கவில்லை.

கன்னங்குறிச்சி மாணவன்:
இந்த மாதம் காய்ச்சி வடிக்கும் கருவி பழுது. ஆழ்துளைக் கிணற்று நீர்.

கருப்பூர்:
காரணம் அங்கேதான் இருக்கிறது. நம் சேலம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது உள்ள பூமி, நிலத்தடி நீர் கடினநீர். ஒரு மெக்னீசியம் அயனி இரண்டு சல்ஃபோனிக் தொகுதிகளைப் பிடித்துக்கொண்டு புரோட்டானை வெளியே தள்ளிவிடும். கால்சியமும் அப்படியே. 1 மோலார் கந்தக அமிலத்தில் மறுபடி ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அமிலம் போகும்வரை கழுவுங்கள். பழைய சவ்வு நல்ல நீரில் கழுவியது, இது கிணற்று நீரில் கழுவியது. இரண்டையும் ஒப்பிட்டு யூஐஓ-66-ஐக் குறை சொல்ல முடியாது.

பழைய மின்வேதியியல்:
நீர் காரணமாக இருக்கலாம். அதற்காக ஈரப்பதத்தைக் குறிக்காமல் விடலாகாது.

கன்னங்குறிச்சி மாணவன்:
அமிலத்தில் மறுபடி ஊறவைத்தேன். கடத்துதிறன் ஏறிவிட்டது. அடிப்பக்க வெண்மை அப்படியே இருக்கிறது. நன்றி, கருப்பூர் அண்ணா.

ஏற்காட்டு மூடுபனி:
வெறும் ஸ்பீக்கைத் தாண்டியதா, அதன் அளவுக்கு வந்து நின்றதா?

பழைய மின்வேதியியல்:
எந்த வெப்பநிலையில்?